இயற்கைச் சாயம் போடுகிறவரின் அன்றாடம்: தண்ணீரில் இருந்து தொடங்குகிறேன்

கேள்வி இதுதான்: சென்னையில் கணினி வேலையில் இருக்கும் ஒருவர் துணிக்கு இயற்கைச் சாயம் போடும் தொழிலுக்கு வர நினைக்கிறார். இந்த வேலை செய்கிறவர்களின் ஒரு நாள் எப்படி இருக்கும், எந்தெந்த ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும், சாயம் நிற்குமா, கையில் காசு நிற்குமா என்று கேட்கிறார்.

நான் இருப்பது ஆந்திர எல்லையை ஒட்டி, நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில். தறிக்காரக் குடும்பம். ஒரு பக்கம் ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம். இன்னொரு பக்கம் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், திருத்தணி. சுற்றிலும் நெசவுதான். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. சம்பந்தம், பாவு, நூல் பாக்கி எல்லாம் இன்றும் இரண்டு பக்கமும் போய்வருகின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றில் இருந்து தொடங்குகிறேன். தண்ணீர். சாயக்காரர் என்றால் நிறத்தோடு வாழ்கிறவர் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நடைமுறையில் நாங்கள் தண்ணீர் சுமக்கிறவர்கள். ஒரு கிலோ பருத்தித் துணி தாராளமாகப் புரள, ஒரு தடவைக்கு இருபது முப்பது லிட்டர் வேண்டும். கஞ்சி போக வேகவைப்பது, அலசுவது, கடுக்காயில் ஊறவைப்பது, படிகாரத்தில் ஊறவைப்பது, அலசுவது, சாயத்தில் காய்ச்சுவது, மறுபடி அலசுவது என்று கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு நூறு லிட்டரைத் தாண்டிவிடும். இதில் துணி சாய அண்டாவில் கிடப்பது ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோதான். மற்றதெல்லாம் தூக்குவது, பிழிவது, உதறுவது, காயப்போடுவது, திருப்பிப்போடுவது. முதுகு பத்திரம்.

அளவு ஒரு பக்கம் என்றால் தண்ணீரின் குணம் இன்னொரு பக்கம். வேலையைத் தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் உங்கள் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ எடுத்து, ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூளைப் போட்டுக் கலக்கி அரைமணி நேரம் விடுங்கள். வெளிர் மஞ்சளாகவே நின்றால் தப்பித்தீர்கள். சாம்பலும் நீலமுமாகக் கறுத்தால் அதில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு நல்ல மாதுளைத் தோல் போட்டாலும் மஞ்சள் வராது, பாசிப்பச்சைதான் வரும். சாயம் சரியில்லை, பொடியில் கலப்படம் என்று பலர் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாதிக்குப் பாதி குற்றவாளி மோட்டார்தான். எங்கள் பக்கம் மழைத் தண்ணீரைச் சின்டெக்ஸில் பிடித்து வைத்து, மஞ்சள் போடும் நாளுக்கு மட்டும் எடுப்போம்.

சுண்ணாம்புச் சத்து கூடிய கடினத் தண்ணீர் இன்னொரு ரகம். சீயக்காய் போட்டால் நுரைக்காது, சோப்பு திரிதிரியாகப் போகும், எல்லோரும் அதைத் திட்டுவார்கள். ஆனால் சாயவேர் போன்ற வேர்ச் சிவப்புக்கு அந்தச் சுண்ணாம்பு வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்ந்து பிடித்தால்தான் அந்தச் சிவப்பு ஆழமாக இறங்கும். ஆகவே உங்கள் தண்ணீர் எதற்கு நல்லது என்று தெரிந்துகொண்டு அந்த நிறத்தில் கைதேறுங்கள். எல்லா நிறமும் எல்லா ஊரிலும் வரும் என்று சொல்கிறவர் சாயம் போட்டவராக இருக்க மாட்டார்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் பல் தேய்த்த கையோடு, அவுரிச் செடியின் நீலத்தைப் புளிக்கவைத்திருக்கும் நீலத் தாழியைத் திறந்து பார்ப்போம். கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழி, மேலே சாக்கும் பலகையும். மூடியை எடுத்ததும் முதலில் மூக்குதான் தகவல் சொல்லும். நல்ல தாழிக்கு ஒரு கனத்த புளித்த வாடை உண்டு. அழுகல் வாடை வந்தால் ஆபத்து. மேற்பரப்பில் செம்பு நிறத்தில் ஒரு மினுக்கம் படர்ந்திருக்கும், நடுவில் நீல நுரை திரண்டிருக்கும். அந்த ஏட்டைக் குச்சியால் ஒதுக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாகத் தெரிய வேண்டும். நீலமாகத் தெரிந்தால் தாழி இன்னும் தயாராகவில்லை. அப்புறம் இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்போம். வழவழப்புக் குறைந்திருந்தால் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு, சோர்ந்து கிடந்தால் கொஞ்சம் வெல்லம் அல்லது வேகவைத்த தகரை விதை. இட்லி மாவு புளிப்பதைப் போலத்தான் இதுவும். மார்கழியில் மந்தம், சித்திரையில் தறிகெட்ட வேகம். குளிர்காலத்தில் தாழியைச் சுற்றி உமி கொட்டி, மேலே இன்னொரு சாக்குப் போர்த்தினால்தான் வழிக்கு வரும்.

இவ்வளவு உபசாரம் எதற்கு என்றால், அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தாழியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதன் தன்மையை மாற்றிக் கரையும்படி செய்கின்றன. அப்படிக் கரைந்த நிலையில் நூலுக்குள் போய், வெளியே காற்றுப் பட்டதும் அங்கேயே பழையபடி கரையாத நீலமாகிவிடுகிறது. அடர்த்தியான தாழியில் ஒரே முக்கில் கருநீலம் எடுக்கப் பார்த்தால் நீலம் நூலின் மேலேயே ஒட்டிக்கொண்டு, கட்டுகிறவர் இடுப்பெல்லாம் நீலமாகும். மெலிந்த தாழியில் பல முக்குப் போட்டு, ஒவ்வொரு முக்குக்கு நடுவிலும் காற்றாட விட்டால்தான் நிற்கும். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் ஆலை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவும் செடியின் நீலமும் அடிப்படையில் ஒரே மூலக்கூறுதான். ஆகவே துணியைப் பார்த்து எது செடி நீலம் என்று கண்ணால் சொல்ல முடியாது. விற்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதில் கரைத்தீர்கள்? அவுரிக் கட்டியைப் போட்டுவிட்டு ஹைட்ரோஸ், காஸ்டிக் சோடா என்கிற ரசாயனங்களை ஊற்றி அரைமணியில் வேலையை முடிப்பவர்கள் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும். அதைப் பாட்டன் காலத்து முறை என்று சொல்லி விற்பதில்தான் எனக்குச் சண்டை.

தாழியைக் கவனித்த பிறகு அடுப்பு. பருத்தி பிடிவாதக்காரத் துணி. பட்டும் கம்பளியும் படிகாரத்தை உடனே ஏற்றுக்கொள்ளும், பருத்தி ஏற்காது. அதற்குத்தான் கடுக்காய். முதலில் சோடா உப்பும் பூந்திக்கொட்டைச் சாறும் போட்டுக் காடாத் துணியை வேகவைப்போம். கொதிக்கும்போது வெளிவரும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தால், வெள்ளை என்று நாம் நினைத்த துணியில் எவ்வளவு எண்ணெயும் மெழுகும் இருந்தன என்று தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியில் விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாவிட்டால் மறுபடி அடுப்பு. பிறகு 100 கிராம் துணிக்கு 15 முதல் 20 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து வெயிலில் காயவைப்போம். அடுத்து ஏறக்குறைய அதே அளவு படிகாரம். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பிடித்துக்கொள்ளும், அதைப் படிகாரம் பிடித்துக்கொள்ளும், படிகாரத்தைச் சாயம் பிடித்துக்கொள்ளும். இதில் எங்கே அவசரப்பட்டாலும் துணியில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதுவும் அன்றைக்குத் தெரியாது, நாலாவது சலவையில் தெரியும்.

கருப்பும் சாம்பலும் வேண்டுமென்றால் படிகாரத்துக்குப் பதில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு. 100 கிராம் துணிக்கு ஒன்றிரண்டு கிராமே தாராளம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் காலத்து எழுதும் மை. துணியிலும் நடப்பது அதேதான். கருப்பு இன்னும் ஏறட்டும் என்று அன்னபேதியை அள்ளிப் போடாதீர்கள். இரும்பு கூடினால் பருத்தி நாளடைவில் இற்றுப்போகும். மூங்கில் பேனாவால் வரைந்து சாயம் ஏற்றிய பழைய கலம்காரித் துணிகளை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது கவனியுங்கள். சிவப்பும் நீலமும் திடமாக இருக்கும், கருப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் அரித்துப் போயிருக்கும். உருவம் அப்படியே இருக்க, புருவமும் விரல் நுனியும் மட்டும் காணாமல் போயிருப்பதைப் பார்த்தால் மனசு சங்கடப்படும்.

சாமான் வாங்குவது பெரிய வித்தை இல்லை. கடுக்காய், மஞ்சிட்டி, படிகாரம், அன்னபேதி, வேம்பாடம்பட்டை எல்லாம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது சிவப்புக்குப் போடுவார்களே, அதே வேம்பாடம்பட்டைதான். கடுக்காய் மொத்தமாக வேண்டுமென்றால் ஜவ்வாது மலைப் பக்கம் போகலாம். மாதுளைத் தோலுக்குப் பழச்சாறுக் கடை, வெங்காயச் சருகுக்குக் காய்கறி மண்டி. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வரும் பூக்காவடிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் மலையடிவாரத்தில் துலுக்கச் சாமந்தி குவிந்து கிடக்கும். காம்பைக் கிள்ளி நிழலில் உலர்த்தி வைத்தால் பல மாதம் வரும், படிகாரம் ஏறிய துணியில் நல்ல தங்க மஞ்சள் கொடுக்கும். கோயில் பூவை அண்டாவில் போட்டுக் கொதிக்கவிடலாமா என்று எங்கள் பெரியம்மா முதலில் முறைத்தார். பிறகு அவரே கூடை எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்.

எது நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நகரத்துப் பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பீட்ரூட் நிற்காது. செம்பருத்தி நிற்காது. எத்தனை உப்புப் போட்டாலும், எத்தனை வினிகர் ஊற்றினாலும் நிற்காது. மஞ்சள் கிழங்கு எந்தத் துணையும் இல்லாமல் சட்டென்று பிடிக்கும், ஆனால் வெயில் ஆகாது; கொடியில் காயப்போட்டபடியே வெளிறும். கேரளத்தில் குடிதண்ணீரில் போடும் பதிமுகம் அருமையான இளஞ்சிவப்பு கொடுக்கும், அதுவும் வெளிச்சத்துக்குப் பயந்தது. குழந்தைகளோடு ஒரு மதியப்பொழுதைக் கழிக்க இதெல்லாம் சரி. காசு வாங்கிக்கொண்டு விற்கும் சேலைக்கு வேண்டாம். நிற்கும் நிறங்கள் என்று பார்த்தால் அவுரி நீலம், சாயவேரும் மஞ்சிட்டியும் போன்ற வேர்ச் சிவப்புகள், கடுக்காய்க் கருப்பு, மாதுளை மஞ்சள். இந்தச் சிறிய கூட்டத்தை வைத்தே தென்னாட்டுக்காரர்கள் உலகத்துக்குத் துணி விற்றார்கள்.

பயணம் பற்றிக் கேட்டீர்கள். ஒரே ஓர் ஊருக்குத்தான் போக முடியும் என்றால் காளஹஸ்திக்குப் போங்கள். திருத்தணியில் ரயில் ஏறி ரேணிகுண்டாவில் இறங்கி, கூடூர் போகும் வண்டியைப் பிடித்தால் போதும். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பாமல் கலம்காரி போடும் வீடுகளுக்குப் போய் உட்காருங்கள். அந்த வேலை கிட்டத்தட்ட அற்றுப்போகும் நிலையில் இருந்தது. 1950களின் கடைசியில், கைவினைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியில் அங்கே ஒரு பயிற்சி மையம் வந்தபிறகுதான் மறுபடி தழைத்தது. அந்த ஊர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே கடுக்காயை வெறும் தண்ணீரில் கரைப்பதில்லை, எருமைப்பாலில் கரைக்கிறார்கள். பாலின் கொழுப்பு துணியில் ஏறிவிட்டால் மை பரவாது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்கு மேலே கம்பளியோ துணியோ உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டியதுதான் கலம். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த பழுப்புத் தண்ணீரில் அதைத் தோய்த்து, உருண்டையை விரலால் லேசாக அழுத்துவார்கள். பழுப்பாக இறங்கும் கோடு துணியில் பட்ட இடத்தில் கண் எதிரிலேயே கறுக்கும். பால் போதாத துணி என்றால் கோட்டின் இரண்டு பக்கமும் மயிரிழை மயிரிழையாகக் கசியும். அந்தத் துணியை ஓரமாக வைத்துவிட்டு வேறு எடுப்பார்கள்.

ஆனால் நான் அங்கே போய்க் கற்றது கோடு போடுவதை அல்ல, அலசுவதை. சிவப்பு வேண்டிய இடத்தில் எல்லாம் முதலில் படிகாரத் தண்ணீரைத் தீட்டி உலரவைப்பார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். சுவர்ணமுகியில் நீரோட்டம் இருந்த ஒரு நாள் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, ஆளுக்கொரு தலைப்பாகப் பிடித்து அலசினோம். துணி சற்றே மடிந்ததும் எதிரில் நின்ற பெரியவர் போட்டார் ஒரு சத்தம்: “மடக்காதே தம்பி! விரிச்சுப் பிடி, தண்ணி போற பக்கமே விடு.” காரணம் எளிது. நூல் பிடிக்காமல் உதிரும் படிகாரம் வெள்ளைப் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டால், அப்போது கண்ணுக்குத் தெரியாது; சிவப்பு அண்டாவில் காய்ச்சியதும் அந்த இடமெல்லாம் சிவந்து நிற்கும். தேங்கிய தண்ணீரில் அலசினாலும் இதே கதிதான். ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களில் மோட்டார் போட்டுத் தொட்டியில் அலசுகிறவர்கள் தண்ணீரை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஊரில் கலம்காரி வளர்ந்ததற்குக் கோயிலும் கதைப்படங்களும் காரணம் என்பார்கள். கோயிலை ஒட்டி ஓடிய ஆற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இதையே பெரிய அளவில் பார்க்க மசூலிப்பட்டினத்தை ஒட்டிய பெடனாவுக்குப் போகலாம். விஜயவாடாவில் இருந்து குடிவாடா வழியாக ரயில். அங்கே கலம் இல்லை, மரஅச்சு. தேக்குக் கட்டையில் செதுக்கிய அச்சைப் படிகாரத்திலும் இரும்புக் கருப்பிலும் தோய்த்துக் குத்துகிற சத்தம் தெருவிலேயே கேட்கும். கட்டைக்கு அடியில் இருக்கும் மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கொள்கை உண்டு. அதைக் கேட்டால் சாயங்காலம் வரை பேசுவார்கள். சிவப்புக்கு இப்போது வேருக்குப் பதில் ஆலையில் செய்த அலிசரின் போடும் பட்டறைகளும் இருக்கின்றன, கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

எங்கள் ஊருக்கு இன்னும் கிட்டத்தில் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது பெரும்பாலும் துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையின் சாயத்துணியைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அந்தத் துணிகளின் சிவப்புக்கு மூலம் கடலோர மணலில் படரும் சாயவேர் என்கிற இம்பூறல். செடி பார்க்க ஒன்றுமே இல்லை, சாணளவு. வேரும் நூல் மாதிரி மெல்லியது. ஒரு சேலைக்கு வேண்டிய வேரைத் தோண்டி எடுக்க எத்தனை கைகள் வேண்டும் என்று மணலில் உட்கார்ந்து ஒருமுறை தோண்டிப் பாருங்கள், தெரியும். 1860களின் கடைசியில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் வேரின் சிவப்புப் பொருளான அலிசரினைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்ததும் அந்தத் தோண்டும் தொழில் படுத்தது. இன்று சாயவேர் கிடைத்தால் பெரிய விஷயம். நாங்கள் பெரும்பாலும் மஞ்சிட்டியை வைத்தே ஓட்டுகிறோம்.

அவுரிக்குத் திண்டிவனம், விழுப்புரம் பக்கம். அறுத்த செடியைக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, காற்றுப் படும்படி அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலச் சேற்றை வடிகட்டிக் கட்டியாக்குவார்கள். அறுவடை நாளில் போனால்தான் பார்க்க முடியும், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். ஊறி முடிந்த தழை வயலுக்கே உரமாகத் திரும்பிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தேருக்கும் கோயிலுக்கும் தொங்கவிடும் தொம்பைகளைக் கலம்காரியில் செய்கிறார்கள், அதுவும் பார்க்க வேண்டியது. சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நான் போன ஓர் ஊர் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துப் பொந்தூரு. அங்கே கதருக்குப் பஞ்சு சீவுவது வாலுக என்கிற மீனின் தாடை எலும்பால். அந்த நுண்ணிய பல்வரிசையில் பஞ்சை இழுத்து இழுத்துத் தூசியும் குப்பையும் நீக்குகிறார்கள். போய்வந்த செலவுக்கு வீட்டில் கணக்குச் சொல்ல முடியவில்லை, ஆனாலும் மறுபடி போவேன்.

இப்போது காசு. இதில் முக்கியமான சிக்கல் விலை இல்லை, ஒரே நிறம் மறுபடி வருவது. சென்னையில் ஒரு கடை எங்களிடம் ஒரு சுற்றுத் துணி வாங்கியது, நன்றாக விற்றது. மறு சுற்றுக்கு அதே நீலம் வேண்டும் என்றார்கள். மழைக்காலத் தாழி, துணி ஒரு சாயை மங்கி வந்தது. முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தவில்லை என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், லாரிக் கூலியும் எங்கள் தலையில். அதற்குப் பிறகு எந்தக் கடைக்கும் ஒரே பேச்சுதான்: ஒரு சுற்றில் வருவது அந்தச் சுற்றோடு சரி, எத்தனை மீட்டர் வேண்டுமோ முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாதிரித் துண்டில் இருந்து கொஞ்சம் ஏறி இறங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாதிப் பேர் கையெழுத்துப் போட மாட்டார்கள். போடுகிற மீதிப் பேரை வைத்துத்தான் தொழில். காலக்கணக்கையும் பாருங்கள். எங்கள் பக்கம் ஆடி, ஆவணியிலும் மழை தட்டும், ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். வெயில் இல்லாத நாளில் துணி காயாது, காயாத துணியில் பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசியில் வெயில் நிறைய, கிணற்றில் தண்ணீர் இல்லை. தை பிறந்ததில் இருந்து பங்குனி வரைதான் தண்ணீரும் வெயிலும் ஒன்றாகக் கிடைக்கும். வருஷச் செலவை அந்த மாதங்களில் ஈட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். மாதச் சம்பளம் வாங்கிப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம், சாயம் கற்பது அல்ல.

இயற்கை என்று பெயர் இருப்பதாலேயே தீங்கில்லை என்றும் நினைக்க வேண்டாம். நிறத்தைக் கெட்டிப்படுத்த மயில்துத்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், குரோமிய உப்புப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் விஷம், இரண்டையும் தொடாதீர்கள். படிகாரமும் கொஞ்சம் இரும்பும் போதும். விசைத்தறிகளுக்கான ரசாயனச் சாயப் பட்டறைகள் ஓடும் எங்கள் வட்டாரத்தில் சாயத் தண்ணீர் என்றாலே பக்கத்து நிலக்காரர் முகம் சுளிப்பார். நியாயம்தான், அவர் கிணறு அவருக்கு. படிகாரத் தொட்டியை ஒரே தடவையில் கொட்டாமல் மறுபடி மறுபடி வலுவேற்றிப் பயன்படுத்துங்கள்; கடைசியில் கொட்டும்போது நிறையத் தண்ணீர் கலந்து கொட்டுங்கள். விறகும் கணக்கில் வர வேண்டும். அண்டா அண்டாவாகக் கொதிக்கவைத்துவிட்டுச் சுற்றுச்சூழல் பேசினால் யாரும் சிரிப்பார்கள். அந்த வகையில் நீலத் தாழிக்கு அடுப்பே வேண்டாம் என்பது எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் வர ஒரு காரணம்.

வாங்குகிறவர்களிடமும் சில விஷயம் சொல்லி விற்க வேண்டும். கடுக்காய்ச் சாம்பல் நிறத் துணியில் எலுமிச்சைச் சாறோ ஊறுகாயோ பட்டால் அந்த இடம் வெளுத்துவிடும், புளிப்பு இரும்பைக் கரைத்துவிடுகிறது. பந்தியில் உட்காரும்போது கவனம் என்று சொல்லிக்கொடுப்பேன். நீலத் துணியை முதல் சில சலவைக்குத் தனியாக அலச வேண்டும். எல்லாவற்றையும் நிழலில் காயவைக்க வேண்டும், சலவைத்தூள் வேண்டாம், பூந்திக்கொட்டை இருந்தால் நல்லது.

தொடங்கத்தான் போகிறீர்கள் என்றால் வேலையை உடனே விட வேண்டாம். அரை கிலோ கடுக்காய்த் தூள், கால் கிலோ படிகாரம், ஐம்பது கிராம் அன்னபேதி, ஒரு பழைய வெள்ளை வேட்டி, ஒரு எவர்சில்வர் அண்டா, ஒரு சமையல் தராசு. வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, வேகவைத்தவை வேகவைக்காதவை, கடுக்காய் ஏறியவை ஏறாதவை, படிகாரம் போட்டவை அன்னபேதி போட்டவை என்று தனித்தனியாக முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மாதுளைத்தோல் அண்டாவில் இறக்குங்கள். வெளியே எடுத்தால் எத்தனை விதமாக வந்திருக்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மொட்டைமாடி வெயிலில் ஒரு மாதம் கட்டிவையுங்கள், மறுபாதியைப் பெட்டியில் பூட்டுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சாய அண்டாவைச் சமையலுக்குத் திருப்பி எடுக்கக் கூடாது, அன்னபேதிக்கு ஒரு பக்கெட்டைத் தனியாக எழுதிவையுங்கள். நீலத் தாழி இப்போது வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் அந்த வாடையை யாரும் பொறுக்க மாட்டார்கள்.

அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு தை மாதத்துக்குப் பிறகு காளஹஸ்தி போங்கள். கையில் ஏதாவது செய்துகொண்டு வருகிறவர்களுக்கு அங்கே பதில் தாராளமாகக் கிடைக்கும்.